சாய்கோடு விழுங்கிய வீடுகள்

அத்தியாயம் ஒன்பது

"மிஸ், இது தெரியாமப் பூட்டின சத்தமா, தெரிஞ்சு பூட்டின சத்தமா?"

பிறெடி கேட்டு முடிப்பதற்குள், வெளியே தொங்கிய ஆமைப்பூட்டை யாரோ ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். சரியாக விழுந்திருக்கிறதா என்று அவ்வளவு அக்கறை. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அதுவும் தூரமாகப் போய் நின்றது.

"தெரிஞ்சு," என்றாள் செலீன்.

அவளுக்கு அவ்வளவுதான் பேச்சு. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள், இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் கந்தோர் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் பதறும்போது அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள். இப்போதும் துடைத்தாள். அவளுடைய உதவியாளர் பிறெடி, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். மூடிய இடம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. லிஃப்ட் உள்ள கட்டடத்திலும் மூச்சு வாங்கப் படியேறுகிற மனுஷன். அவரைக் கொண்டுவந்து ஒருகொடவத்தைக் களஞ்சியத்தின் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு பழைய இரும்புக் கொன்ரெய்னருக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்?

"நிக்கலஸ்! நிக்கலஸ் மாஸ்டர்!" என்று களஞ்சியப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கதவில் அறைந்தார். கை வலித்ததுதான் மிச்சம். சனிக்கிழமை மத்தியானத்தோடு களஞ்சியம் மூடி, லொறிக்காரர்களும் மூட்டைக்காரர்களும் போய்விட்டார்கள். திங்கட்கிழமை வரை இந்தப் பக்கம் ஒரு பூனையும் வராது. கைத்தொலைபேசிகளோ வாசல் கேற்றில் கிடந்தன. "போன் எக மெஹே தியன்ன, மிஸ்" என்று காவலாளி மேசையைக் காட்ட, இருவரும் நல்ல பிள்ளைகளாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சுங்கக் களஞ்சியத்துச் சட்டம் அப்படி.

"நிக்கலஸ் எங்களை உள்ளுக்கு விட்டிட்டு, ஒரு போன் வந்திருக்கு, இப்ப வாறன் எண்டு போனவன். வந்தது அவன் இல்ல, பூட்டுத்தான். கள்ளன் அவன்தான் மிஸ். எழுதி வைங்க."

"எழுத வெளிச்சம் போதும். காத்துப் போதுமா எண்டு பாருங்க."

தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு எரிந்தது. மூலையில் ஒரு காற்றாடி இருந்த சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பிறெடியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பயமாக இருந்தது. அதை மறைக்கத்தான் பகிடி விடுகிறோம் என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது.

அவரைவிட மோசமாக இன்னொருத்தி அகப்பட்டிருந்தாள். வெள்ளவத்தையில், இதே சவுந்தரம் கார்கோ கம்பனியின் கந்தோரில், ரொஷேல் என்ற பெண் ஒரு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கடிதம். 'ரொஷேல் ஆகிய நான், வாடிக்கையாளரின் பெட்டிகள் களவு போவதற்கு உடந்தையாகக் கம்பியூட்டரில் இருந்த ஓடர்களை அழித்தேன்' என்று முதலாளி சவுந்தரநாயகமே தட்டச்சு செய்து வைத்த கடிதம். கையெழுத்துப் போட்டால் பொலிசாரிடம் தயவாகக் கதைப்பாராம். போடாவிட்டால் பின்னேரம் வருகிற பொலிஸ் அவளை அப்படியே கொண்டுபோகுமாம்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பும் பெட்டிகளைக் கொழும்பில் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவதுதான் கம்பனியின் தொழில். கொஞ்ச மாதங்களாகச் சில பெட்டிகள் வாசலுக்கு வரவில்லை. அவற்றுக்கான ஓடர்களும் கம்பியூட்டரில் இல்லை. கம்பியூட்டரின் சாவிச்சொல் ரொஷேலிடம் மட்டும் இருந்தது. முதலாளி முடிவுக்கு வர அது போதும். லண்டன் ஏஜென்ட் வெளியாளை வைத்து விசாரிக்கச் சொன்னதால்தான் செலீனைக் கூப்பிட்டிருந்தார். அதிலும் ஒரு கூத்து: கள்ளி என்று சொன்ன பெண்ணையே இன்றைய வேலையையும் பார்க்கச் சொல்லி உட்கார வைத்திருந்தார். அவள் இல்லாவிட்டால் டெலிவரி லிஸ்ட் வராது.

"நான் போட்டிட்டுப் போறன் அக்கா," என்று காலையில் ரொஷேல் சொன்னாள். அழுது முடித்த முகம். "எங்கட தோட்டத்து வரிசை வீடுகளுக்கு முன்னால பொலிஸ் ஜீப் வந்து நிக்கிறத எங்கட அம்மா பாக்கக் கூடாது."

"நான் திரும்பி வாற வரைக்கும் போடாத," என்றிருந்தாள் செலீன்.

திரும்பி வருகிற ஆட்கள் இப்போது இரும்புப் பெட்டிக்குள். பிறெடிக்கு அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. 

"பிறெடி, இதைப் பாருங்க."

செலீன் சுவரோரமாக அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.  நிக்கலஸ் சொன்னபடி இவை சுங்கம் மறித்து வைத்த பெட்டிகள். முதலாளியின் உத்தரவில் இங்கே கிடக்கின்றன. ஆனால் பல பெட்டிகளில் லண்டன் ஏஜென்டின் சிவப்பு டேப்பை வெட்டி, மேலே சாதாரண மண்ணிற டேப் ஒட்டியிருந்தது. பிறெடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். சும்மா காற்றுப்போல வந்தது.

"உள்ளுக்கு இருந்த சாமான் இப்ப புறக்கோட்டையில ஏதாவது கடையில 'லண்டன் ஒரிஜினல்' எண்டு தொங்கும்," என்றார்.

"அது பிறகு. விலாசங்களை வாசியுங்க."

வாசித்தார். வெள்ளவத்தை, 17/3. கொட்டாஞ்சேனை, 45/2. தெகிவளை, 6/1. மறுபடி கொட்டாஞ்சேனை, 120/9.

"எல்லாம் 'பை' போட்ட, சாய்கோட்டு வீடுகள்," என்றார்.

"ஒண்டும் தப்பேல்ல. ஒரு வளவுக்குள்ள பத்து வீடு, ஒரு வீட்டுக்குப் பின்னால இன்னொரு அனெக்ஸ். கொழும்பில பாதிச் சனம் இப்படித்தான் இருக்குது. கள்ளனுக்கு மாடி வீடு பிடிக்காதா? வாசலில காரோட தனி நம்பர் உள்ள வீட்டுப் பெட்டியில இதைவிட நல்ல சாமான் இருக்குமே. ஏன் ஒண்டைக்கூடத் தொடேல்ல?"

"ஏழைப் பங்காளனாக்கும்."

செலீன் சிரிக்கவில்லை. அறையின் நடுவில் நின்ற தராசைப் பார்த்தாள். பெட்டியை மேலே வைத்து, சின்னத் திரையில் வீட்டு இலக்கத்தையும் தெருவையும் அடித்தால் ஓடர் இங்கிருந்தே வெள்ளவத்தைக்குப் போய்விடும். களஞ்சியம் முழுவதிலும் இப்படி நாலைந்து தராசுகள். பெறுமதியான பெட்டிகளுக்காக இந்த அறையிலும் ஒன்று.

"காலையில ரொஷேல் என்ன சொன்னா? ஞாபகம் இருக்கா?"

பிறெடிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர்தான் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டவர். ஜாவாவில் எழுதிய புரோகிராம் அது. எல்லாத் தராசிலிருந்தும் வருகிற செய்திகளை ஒரு தபால் கந்தோர்போல வாங்கி, வகை பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஃபைலாக எழுதி ஒரு போல்டரில் போடும். ஃபைலுக்கு என்ன பெயர் என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. செய்தி வருகிற அந்த நேரத்திலேயே, அதற்குள் இருக்கிற விபரங்களை எடுத்து, புரோகிராமே பெயரைக் கட்டிக்கொள்ளும்.

"பிள்ளை பிறந்த பிறகு முகத்தைப் பாத்துப் பேர் வைக்கிற மாதிரி," என்று அப்போது பிறெடி சொன்னதும் ரொஷேலுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அதேதான் அங்கிள். முதல்ல வீட்டு நம்பர், பிறகு தெரு, பிறகு திகதி. டெலிவரிப் பொடியங்களுக்கு நம்பரைச் சொன்னாத்தான் வீடு விளங்கும். அதாலதான் நம்பரை முன்னுக்குப் போட்டனான். எங்கட வீடும் அப்படித்தானே, செக்குத் தோட்டம் எண்பத்தெட்டு பை பதினாலு. வெறும் எண்பத்தெட்டு எண்டு போனீங்களெண்டா வீடு ஒண்டும் இல்ல, அந்தோனியார் சுரூபம் வச்ச கூடும் தண்ணி பைப்பும்தான்."

செலீன் இப்போது ஒரு வெறும் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். 17/3 என்று அடித்தாள். தெருவை அடித்தாள். அனுப்பினாள். 'எழுதப்பட்டது' என்று திரை சொன்னது. பக்கத்திலேயே இன்றைய லிஸ்டைக் காட்டுகிற பொத்தான். அமத்தினாள்.

லிஸ்டில் அது இல்லை.

"எழுதினன் எண்டு சொல்லுது, காட்ட மாட்டனெண்டும் சொல்லுது. என்ர மச்சான் கடன் வாங்கின மாதிரி," என்றார் பிறெடி.

அதே பெட்டி. அதே தெரு. இந்தத் தடவை சாய்கோட்டையும் மூன்றையும் விட்டுவிட்டு வெறும் 17 என்று அடித்தாள். லிஸ்டின் அடியில் 17 வந்து பணிவாக உட்கார்ந்தது.

பிறெடி திரைக்குக் கிட்டக் குனிந்தார். 

"கம்பியூட்டருக்குச் சாய்கோடு எண்டா நம்பர் இல்ல, பிறெடி. கதவு," என்றாள் செலீன். குரல் முதல் தடவையாக விரைந்தது. "அலுமாரி, சாய்கோடு, லாச்சி. எந்த அலுமாரிக்குள்ள எந்த லாச்சி எண்டு சொல்லுறதுக்குத்தான் அது அந்தக் கோட்டைப் பாவிக்கிறது. 17/3 எண்டு பேர் வந்தா, 17 எண்டு தானா ஒரு போல்டர் செஞ்சு, அதுக்குள்ள 3 எண்டு ஃபைலைப் போட்டிரும். ஃபைல் அழியேல்ல. பத்திரமா உள்ளுக்கு இருக்கு. ஆனா லிஸ்ட் வெளிப்போல்டரை மட்டும்தான் பாக்கும். உள்ளுக்குப் போய்ப் பாக்கச் சொல்லி ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்ல."

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதா? படிச்சவ."

"அவட வீடே எண்பத்தெட்டு பை பதினாலு. பிறந்த நாள் தொடக்கம் எழுதின கோடு. அதில என்ன பிழை வரப்போகுதெண்டு யோசிச்சே இருக்க மாட்டா. வேற ஊர்ப் பிள்ளையெண்டா ஒருவேளை யோசிச்சிருக்கும்."

பிறெடி ஒரு பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஆக ரொஷேல் கள்ளி இல்லை. களவுக்கு உடந்தையும் இல்லை. லிஸ்டில் வராத வீடுகளின் பெட்டிகள் இங்கே கேட்பாரற்றுத் தேங்கியிருக்கின்றன; அதைக் கண்டுகொண்ட எவனோ நிதானமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறான். சந்தோஷத்தில் எழுந்து கதவுவரை போனார். கதவு பூட்டித்தான் இருந்தது. உண்மை கையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோக வழி இல்லை. வெள்ளவத்தையில் ரொஷேலின் பேனா எந்த நிமிஷமும் கடிதத்தில் படலாம். இப்படி ஒரு இயலாமையை அவர் துறைமுகத்தில் வேலைநிறுத்த நாட்களில்கூட அனுபவித்ததில்லை.

அப்போதுதான் தராசு அவர் கண்ணில் பட்டது.

"மிஸ்! இது வெள்ளவத்தைக்குக் கதைக்குதே! நம்பர் கேக்கிற இடத்தில நாங்க விஷயத்தை அடிப்பம். அதுதான் ஃபைலுக்குப் பேரா வரும். கந்தோர்ச் சுவரில பெரிய டிவியில லிஸ்ட் ஓடுது, காலையில பாத்தனாங்கதானே. முதலாளியே வாசிப்பார்!"

"பிறெடி," என்றாள் செலீன், "உங்களுக்கு நான் சம்பளம் கூட்டித் தரவேணும்."

"சாட்சி இல்லாத இடத்தில சொல்லுறீங்க."

எழுத்துகள் இங்கிலிஷில்தான் இருந்தன. இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடித்தாள். 'நிக்கலஸ் எங்களைப் பூட்டிவிட்டான். முதலாளிக்குச் சொல்லவும்.' அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரல் போய் நின்றது.

பிறெடி நிம்மதியாகத் திரும்பவும் உட்காரப் போனார். தான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். சிவப்பு டேப் வெட்டப்படாத, கனமான, புதுப் பெட்டி.

"பாருங்க மிஸ், இது எங்கட முதலாளிக்கே வந்த பெட்டி. கனடாவில இருந்து மகள் அனுப்பியிருக்கு. 'திரு. சவுந்தரநாயகம், கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை.' நம்பரே இல்ல. பெரிய மனுஷருக்கு நம்பர் என்னத்துக்கு?"

செலீனின் விரல் பொத்தானை விட்டு விலகியது.

"திரும்ப வாசியுங்க."

"நம்பர் இல்ல மிஸ்."

"காலையில அவர்ட வீட்டுக்குத்தானே முதல் போனனாங்க. கேற்றில பித்தளைத் தகடு. மினுக்கி வச்சிருந்தது. என்ன நம்பர்?"

பிறெடிக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தகட்டில் தன் முகத்தைப் பார்த்து அவர் தலை சீவியிருந்தார்.

"ஒன்பது பை இரண்டு," என்றார் மெதுவாக.

செலீன் அடித்து வைத்திருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"பித்தளையில அடிச்சு வாசலில கொழுவியிருக்கிற நம்பரை, மகளிட்ட மட்டும் போடாத எண்டு சொல்லியிருக்கிறார்," என்றாள் செலீன். "கொழும்புக்குப் பெட்டி அனுப்புற எந்தப் பிள்ளை வீட்டு நம்பரை மறக்கும்? கோடு போட்ட நம்பர் வந்தா பெட்டி லிஸ்டில வராது எண்டு அவருக்குத் தெரியும். ஏன் தெரியும்? பெட்டி வரேல்ல எண்டு எடுக்கிற சனமெல்லாம் நேரா அவர்ட போனுக்குத்தான் எடுக்குது. 'முறைப்பாடெல்லாம் நானே பாப்பன்' எண்டு காலையில பெருமையா வேற சொன்னார். எல்லாரும் கோடு போட்ட வீட்டுக்காரர் எண்டு முதல்ல கண்டது அவர். கண்டிட்டுத் திருத்தச் சொல்லேல்ல. சுங்கம் மறிச்சிருக்கு எண்டு சனத்துக்குச் சொல்லி, பெட்டிகளை இங்க அடுக்கினார்."

"அப்ப நிக்கலஸ்?"

"கள்ளனா இருந்தா இந்த அறையைத் திறந்தே காட்டியிருக்க மாட்டான். நான் கேட்ட உடனே திறந்தான். அவனுக்கு போன் எடுத்துக் கூப்பிட்டது ஆர் எண்டு யோசியுங்க."

 இன்னும் ஒரு விரல் அசைந்திருந்தால், பூட்டியவனிடமே 'ஐயா, எங்களைப் பூட்டிப்போட்டாங்கள்' என்று போய் முறையிட்டிருப்பார்கள். பிறகு பிறெடிக்கு இன்னொன்றும் உறைத்தது.

"மிஸ். நாங்க அடிச்ச அந்த வெறும் பதினேழு. அது டிவியில வந்திருக்குமே. களஞ்சியம் பூட்டின பிறகு ஆர் நிறுக்கிறது எண்டு அந்தாள்..."

விளக்கு அணைந்தது. காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

இருட்டு என்றால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டு. யாரோ களஞ்சியத்தின் மெயின் சுவிட்சை இறக்கியிருக்க வேண்டும். பிறெடி சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இரும்பு சுட்டது. மூச்சை உள்ளே இழுத்தார். போதவில்லை போல இருந்தது. அந்தோனியாரே, அந்தோனியாரே என்று வாய் தானாக முணுமுணுத்தது. தான் சாகப் பயப்படுகிறோம் என்று அந்த நேரம் அவருக்கு வெட்கமில்லாமல் விளங்கியது.

"பிறெடி. இங்க பாருங்க. வெளிச்சம் இருக்கு."

தராசின் சின்னத் திரை தன்னுடைய பற்றரியில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு இன்னும் இருந்தது. அது கேற் அறையிலிருந்து வேறாக வருகிறது போலும்.

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எனக்குத் தெரியாது. கெதியா யோசிப்பம். ரொஷேல் வாசிக்க வேணும், அவர் வாசிக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே டிவியைத்தான் பாக்கினம்."

அவ்வளவு பயத்திலும் பிறெடியின் தலை வேலை செய்தது. பிறகு அதை நினைத்து அவரே ஆச்சரியப்பட்டார்.

"கோடு," என்றார். "கோடு போட்டா டிவியில வராதே! அந்தாளைக் காப்பாத்தின கோடு எங்களையும் காப்பாத்தட்டும்."

"உள்ளுக்குப் போய்ப் பாக்க வேணுமெண்டு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"வெளியில ஒரு கதவைக் காட்டினாப் போதும் மிஸ். அவளுக்கு மட்டும் வித்தியாசமாத் தெரியிற கதவு."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: எண்பத்தெட்டு.

செலீன் அடித்தாள். முதலாவது, 'செக்குத் தோட்டம், 88.' சாய்கோடு இல்லை. அது டிவியில் வரும். சவுந்தரநாயகம் பார்த்தால் கொட்டாஞ்சேனையில் ஏதோ ஒரு வீடு என்று நினைப்பார். இல்லாத வீடு என்று தெரிந்தவள் அந்தக் கந்தோரில் ஒருத்திதான். அந்தோனியார் கூட்டுக்கு லண்டனிலிருந்து யார் பெட்டி அனுப்புவது?

பிறகு 88, சாய்கோடு, 'கையெழுத்துப் போடாதே.' அடுத்தது 88, சாய்கோடு, 'எங்களைக் களஞ்சியத்தில் பூட்டியது முதலாளி.' கடைசியாக 88, சாய்கோடு, 'நிக்கலஸிடம் மட்டும் சொல்.' ஒவ்வொன்றுக்கும் 'எழுதப்பட்டது' என்றது திரை. லிஸ்டை எடுத்துப் பார்த்தாள். வெறும் 88 மட்டும் அங்கே நின்றது. மற்ற மூன்றையும் சாய்கோடு விழுங்கிவிட்டது. சவுந்தரம் கார்கோவின் சரித்திரத்தில் அது முதல் தடவையாக நல்ல காரியம் செய்தது.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான். பிறெடிக்கு அதுதான் ஆகவே ஆகாதது.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. திரையின் வெளிச்சம் மங்கியது. செலீன் லிஸ்டை மறுபடி எடுத்தாள். ஒன்றும் புதிதாக இல்லை. அவள் ரொஷேலைப் பார்த்துப் போட்டுவிடாதே என்று சொல்லி எவ்வளவு நேரமாகிறது? களைத்துப்போன பிள்ளை. டிவியை நிமிர்ந்தே பார்க்காமல் இருக்கலாம். பேனாவை இப்போது கையில் எடுத்திருக்கலாம்.

"நான் கேட்டா மிஸ், நீங்க கோவிக்கக் கூடாது. நீங்க பயப்படுறதே இல்லையா?"

"என்ர கண்ணாடி இவ்வளவு நேரத்தில தேஞ்சே போயிருக்கும், பிறெடி."

அவள் மறுபடி பொத்தானை அமத்தினாள்.

88க்குக் கீழே புதிதாக ஒரு வரி. எந்தத் தராசிலும் நிறுக்காத ஒரு பெட்டி. நிறை பூச்சியம். 'செக்குத் தோட்டம், 14.'

செலீன் பிறெடியின் தோளைப் பிடித்தாள்.  எண்பத்தெட்டுக்குப் பதினாலு. முதலாளியின் மூக்குக்கு முன்னாலேயே, ஒரு சாதாரண ஓடரைப்போலப் பதில் போட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. பிறெடி அழுதார். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நன்றாகவே அழுதார்.

கதவு திறந்தபோது வெளிச்சத்துக்கு முன்னால் காற்றுத்தான் வந்தது. நிக்கலஸ் சாவியோடு மூச்சிரைக்க நின்றார்.

"மிஸ், மன்னிச்சுக்கொள்ளுங்க. முதலாளி போன் எடுத்து, நான் அவங்களோட கதைச்சிட்டன், அவங்க போயிட்டாங்க, செக்கியூரிட்டி பூட்டுவான், நீ புறக்கோட்டைக்குப் போ எண்டார். பிறகு செக்கியூரிட்டிக்குப் போன் எடுத்து மெயினையும் இறக்கச் சொன்னாராம். வெளிக்கிட்டுப் போகேக்க பாத்தா உங்கட போன் ரெண்டும் கேற்றில கிடக்குது. ஒரு மாதிரி இருந்திச்சு. பாதி வழியில ரொஷேல் எடுத்தா." கையிலிருந்த போனை நீட்டினார். "லைனில தான் நிக்கிறா."

செலீன் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தது குரல். "கண்டுபிடிச்சிட்டன். எல்லாம் உள்ளுக்கு இருக்கு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு போல்டர். ஒண்டும் அழியேல்ல. எந்தத் தராசில எப்ப நிறுத்தது எண்டு எல்லாமே இருக்கு. நான் எவ்வளவு பெரிய முட்டாள்!"

"அதைப் பிறகு கதைப்பம். பேர் கட்டுற இடத்தில கோட்டை எடுத்திட்டு வேற ஏதாவது போடலாமா?"

"ஒரு வரி அக்கா. போட்டிட்டன். ஆனா பழைய ஃபைலுகளை வெளிய எடுத்துவிட்டா எல்லாம் டிவியில வரும். முதலாளி இங்கதான் நிக்கிறார். பொலிசும் படியேறி வருது."

"ஆர் கூப்பிட்ட பொலிஸ்?"

"அவர்தான் அக்கா கூப்பிட்டது. என்னைப் பிடிக்க."

"அப்ப நல்ல நேரம். எடுத்துவிடு."

சாவித் தட்டல் சத்தம் கேட்டது.  செலீன் திரும்பித் தராசின் திரையைக் காட்டினாள். லிஸ்ட் தானாகவே நீண்டுகொண்டிருந்தது. இவ்வளவு மாதமும் காணாமற்போன வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. வளவுகள், அனெக்ஸ்கள், சந்துக்குள் சந்து. அதே லிஸ்ட் வெள்ளவத்தையில் சுவர் நிறைய ஓடும் என்பதை நினைக்கவே பிறெடிக்கு வயிறு குளிர்ந்தது.

போனுக்குள் ஒரு பெண்ணின் குரல் உரத்துக் கேட்டது. காலையிலும் கவுன்டருக்கு முன்னால் பையோடு காத்திருந்த இராமலெட்சுமி என்ற அம்மாவின் குரல். மகன் அனுப்பிய பெட்டி எங்கே என்று கேட்டுச் சனிக்கிழமை தவறாமல் வருகிறவர்.

"இந்தா! பதினேழு, மூணு! அது எங்க வீட்டு நம்பருங்க! வந்து இறங்கிருச்சுன்னு போட்டிருக்குதே? நீங்க சுங்கத்துல கிடக்குதுன்னு தானே சொன்னீங்க, மொதலாளி?"

  கதிரை ஒன்று இழுபட்டது; சவுந்தரநாயகம் வெளியே போகப் பார்த்திருக்க வேண்டும். "மஹத்தயா, பொட்டக் இன்ன" என்று ஒரு பொலிஸ்காரர் சொன்னது தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் நில்லுங்கள் என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னால், போக விடப்போவதில்லை என்று அர்த்தம்.

"கிட்ட நிண்டு வடிவாகப் பாரு, ரொஷேல்," என்றாள் செலீன். "நாங்க பெட்டிகளோட வாறம். அவர்ட பெட்டியும் வருது, நம்பர் இல்லாத பெட்டி."

"அதை நான் தூக்க மாட்டன்," என்றார் பிறெடி, வாசலுக்கு வெளியே நின்று மூச்சை ஆசை தீர இழுத்தபடி. "உள்ளுக்குத் திரும்பிப் போற வேலைக்குச் சம்பளம் வேற கணக்கு."

போனில் ரொஷேல் தயங்கினாள்.

"அக்கா, இந்தக் கடிதம் இன்னும் என்ர மேசையில கிடக்கு. கிழிச்சுப் போடவா?"

செலீன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"கிழியாத. நல்லா எழுதியிருக்கிறார், ஒரு வரியும் வீணாக்க வேண்டாம். முதல் வரியில இருக்கிற பேரை மட்டும் மாத்து. நேரத்துக்குப் பொருத்தமாப் பேர் போட உன்னை விட்டா ஆருக்குத் தெரியும்?"